60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம்: நுரையீரல் நோயாளி வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

நான் வாங்கியது கோலிகால்சிஃபெரால் துகள். ஒரு கிராம் பொட்டலம், ஒவ்வொன்றிலும் 60,000 யூனிட் வைட்டமின் டி. வாங்கியது என் கணவருக்காக. அவருக்கு அறுபத்தெட்டு வயது. கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சுத்தம் செய்து சீவுகிற புளோ ரூமிலும் கார்டிங்கிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. சிஓபிடி என்று மருத்துவர்கள் சொல்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடியை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போன மூச்சு திரும்பி வரவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்ல மருந்து, மலிவான மருந்து, வீட்டில் நுரையீரல் நோயாளி இருப்பவர்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய மருந்து. ஆனால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் வாங்கக் கூடாது. மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதினால் வாரம் ஒன்றுதான். மூச்சுத்திணறல் தீர்ந்துவிடும் என்று நம்பியும் வாங்கக் கூடாது. இந்த மூன்றையும் நான் போன கடைகளில் யாரும் சொல்லவில்லை, உறையிலும் எழுதியிருக்கவில்லை. நான் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து காலம் கழித்தவள், பொடி எழுத்தைப் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. படித்ததையும் பார்த்ததையும் எழுதுகிறேன்.

கடந்த மார்கழிக் குளிரில் அவருக்குச் சளி கட்டி, இரைப்பு முற்றி, உதடு கறுத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தோம். நெபுலைசர், பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கொடுத்து மீட்டெடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நெஞ்சக நோய் மருத்துவர் சீட்டில் கூடுதலாக ஒரு இரத்தப் பரிசோதனை எழுதினார்: 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. "இவருக்கு இதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. பல வருடங்களாக ஒரு கிளினிக்கில் காட்டி வந்தோம். இரைப்பு கூடும்போதெல்லாம் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு எப்படி இருக்கிறது, வெயிலில் நடமாடுகிறாரா என்று ஒருவரும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

முடிவு வந்தது: மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம். இருபதுக்குக் கீழே போனால் குறைபாடு, பத்துக்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு என்று மருத்துவர் விளக்கினார். சிஓபிடி மருத்துவத்துக்கு உலகம் முழுவதும் பின்பற்றுகிற கோல்டு (GOLD) வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறதாம். நோய் திடீரென முற்றி மருத்துவமனையில் சேர்பவர்களுக்கு வைட்டமின் டி கடுமையாகக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் ஈடுசெய்ய வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி இருப்பது நோயாளி வீட்டுக்குத் தெரியவில்லை என்றால் அது ஏட்டில் இருந்து என்ன பயன்?

ஏன் இவருக்கு இவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். மருத்துவர் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் இவருடைய வாழ்க்கையோடு அப்படியே பொருந்தின. நம் உடம்பில் வைட்டமின் டி பெரும்பாலும் தோலில்தான் உருவாகிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டு அதை உண்டாக்க, கல்லீரலும் சிறுநீரகமும் அதை வேலைக்கு ஆகும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. இவர் ஆலைக்குப் போன காலத்தில் விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயும்போது வருவார், அல்லது இரவு ஷிப்டு முடித்துப் பகலெல்லாம் தூங்குவார். நூல் அறுந்துவிடும் என்று ஈரப்பதம் குறையாமல் மூடி வைத்த கூடத்துக்குள்ளேயே வருடங்கள் போயின. ஓய்வுக்குப் பிறகு வெளியே போக நேரம் இருந்தது, மூச்சு இல்லை. வாசல்படி இறங்கினால் இரைக்கிறது என்று கட்டிலும் நாற்காலியுமாகவே இருந்துவிட்டார். வயதான தோல் வெயிலில் நின்றாலும் இளம் தோல் அளவுக்கு உண்டாக்குவதில்லை. புகை தோலை இன்னும் சீக்கிரம் முதுமையாக்குகிறது. ஸ்டீராய்டு மாத்திரை இருப்பதையும் கரைக்கிறது. பசி குறைந்து, சதை வற்றி, சாப்பாட்டில் வருவதும் சுருங்கிவிடுகிறது.

இது இவர் ஒருவர் கதை அல்ல என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். என் மகள் மருந்தியல் படித்தவள், ஆய்வுகளைத் தேடி எடுத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். பெல்ஜியத்தில் லூவன் நகரத்து ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்குப்படி, சிஓபிடியின் மிக முற்றிய நிலையில் இருந்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி இருபதுக்குக் கீழே. புகைபிடித்தும் நுரையீரல் கெடாமல் இருந்தவர்களில் அது 31 சதவீதம்தான். நோய் ஏற ஏற அளவு இறங்குகிறது. பெல்ஜியத்தில் வெயில் குறைவு, அதனால் அப்படி இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கோயம்புத்தூரில், வருடம் முழுக்கத் தலைக்கு மேல் சூரியன் நிற்கிற ஊரில், என் வீட்டு மனிதருக்கு 8 என்று வந்ததற்கு வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. வெயிலுக்கும் அவருக்கும் நடுவே கூரையும் நோயும் இருந்தன.

"காலை இளவெயிலில் உட்கார வையுங்கள், மருந்தெல்லாம் எதற்கு" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் சரியில்லை. காலை ஏழு மணி வெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்தில்தான் தோல் அதை நன்றாக உண்டாக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் பயன்படாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அப்படியானால் பதினொரு மணி வெயிலில் கையைக் காலைக் காட்டி உட்கார வேண்டும். மூச்சு இரைக்கிற மனிதரைச் சித்திரை மாதத்தில் பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏற்ற முடியுமா? இப்போது கொஞ்சம் தெம்பு வந்த பிறகு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருகிறார். அதை விடவில்லை. 8 என்கிற அளவிலிருந்து தூக்கி நிறுத்த அது போதாது.

சாப்பாட்டையும் பார்த்தேன். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருக்கிறது, ஆனால் ஒரு மஞ்சள் கருவில் ஏறக்குறைய 40 யூனிட்தான். பால் உறையில் நீல நிறத்தில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் போட்டு வருகிறதே, அது செறிவூட்டப்பட்டது என்பதற்கான அரசு முத்திரை. அந்தப் பாலிலும் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரைதான் சேர்க்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் உள்ளதைப் பாலில் பெற வேண்டுமென்றால் 200 லிட்டராவது குடிக்க வேண்டும். நல்ல சாப்பாடு நல்ல அளவைக் கட்டிக் காக்க உதவும். விழுந்துபோனதை எழுப்ப மருந்துதான்.

இனி பொட்டலத்துக்கு வருகிறேன்.

உறை அலுமினியத் தாள், ஓரத்தில் கிழிப்பதற்கு ஒரு வெட்டு. அந்த வெட்டைப் பிடித்துக் கிழித்தால் கோணலாகப் போய்த் துகள் சிதறும். கத்தரிக்கோலால் நேராக வெட்டுங்கள். உள்ளே இருப்பது மங்கலான வெள்ளையில், ரவையைவிடக் கொஞ்சம் பொடியான துகள், லேசான இனிப்பு வாசனை. 60,000 யூனிட் என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறது. எடையில் அது ஒன்றரை மில்லிகிராம்தான். ஒரு கிராமில் மீதியெல்லாம் சர்க்கரையும் மற்றப் பொருள்களும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வாரம் ஒரு கிராமுக்குப் பயப்படத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார்.

வெதுவெதுப்பான பாலில் போட்டுக் கலக்கினால் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கொஞ்சம் மேலே மிதந்து, குடிக்கும்போது டம்ளர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மருந்தே அந்த ஒட்டியதில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாய் பால் மறுபடி ஊற்றி, அலசி, அதையும் குடிக்க வைக்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட வேண்டாம், ஆடை படிந்து துகளை அப்படியே சுருட்டிக்கொள்கிறது. எவர்சில்வர் டம்ளரைவிடக் கண்ணாடி டம்ளர் நல்லது, மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. "பால் குடித்தால் சளி கட்டும்" என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அவருடைய அம்மா சொன்னது, அவருக்கு வேதம். பால் சளியை உற்பத்தி செய்வதில்லை, எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் கொழகொழவென்று உணரப்படுவதைத்தான் சளி என்று நினைக்கிறோம் என்று மருத்துவரே சொல்லியும் அவர் தலையாட்டவில்லை. நுரையீரல் நோயாளி உள்ள பல வீடுகளில் இது இருக்கும் என்று எனக்குத் தெரியும். சண்டை போடாதீர்கள். தண்ணீரிலும் கலக்கலாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் இந்த வைட்டமின் நன்றாக உடம்பில் ஏறும் என்பதால், நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்குழம்புச் சோறு சாப்பிட்டு முடித்ததும் அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். வாரத்தில் எந்த நாள் என்ற குழப்பமும் அதோடு தீர்ந்தது. கொடுத்தவுடன் நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.

இதே மருந்து ஜெல் மாத்திரையாகவும், சின்னப் புட்டியில் குடிக்கும் திரவமாகவும் வருகிறது. இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். ஜெல் மாத்திரை சுத்தமானது, சிந்தாது, பையில் எடுத்துப் போகலாம். ஆனால் மூச்சு வாங்குகிற நேரத்தில் வழுக்கும் மாத்திரையைத் தொண்டையில் இறக்குவது இவருக்குப் பயமாக இருந்தது. அதன் கூடு பெரும்பாலும் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டினில் செய்வது, சைவக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். திரவம் இனிப்பாக, சுவையூட்டி இருக்கிறது, குடிப்பது சுலபம். விலைதான் அதிகம். "நானோ" என்று பெரிதாகப் போட்டு, வேகமாக உறிஞ்சப்படும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடுகிற, வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற ஒரு பொருளுக்கு வேகம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. குடலில் உறிஞ்சும் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தால் சரி. மற்றவர்களுக்குத் துகளே போதும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நிறுவனத்துக்கு நிறுவனம் வணிகப் பெயர் வேறு, உள்ளே உள்ளது ஒன்றே. நெஞ்சு மருத்துவர் ஒரு பெயரில் எழுதுவார், முட்டி வலிக்குப் பார்க்கிற எலும்பு மருத்துவர் இன்னொரு பெயரில் எழுதுவார். இரண்டு வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உறையில் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கோலிகால்சிஃபெரால் 60,000 என்று இருந்தால் அது இதுதான்.

என் பெரிய குறை உறையின் மேல். நான் வாங்கியதில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்ற இடத்தில் "மருத்துவர் அறிவுரைப்படி" என்று ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு சொல் இல்லை. நம் ஊரில் மாத்திரை என்றால் தினம் இரண்டு வேளை, மூன்று வேளை என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. வாரம் ஒன்று என்கிற மருந்தே அபூர்வம். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர், அவரும் ஆலைத் தொழிலாளிதான், சத்து மருந்து என்று நினைத்துத் தினம் ஒன்றாகக் கரைத்துக் குடித்திருக்கிறார். அட்டைப் பெட்டி தீரத் தீர மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், கடையிலும் சீட்டு கேட்கவில்லை. ஓயாத வாந்தி, மலச்சிக்கல், தாகம், பிறகு ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டார். இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் கிடந்து மீண்டார்.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரையில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட். வாரம் ஒரு பொட்டலம் என்றால் நாளொன்றுக்கு எட்டாயிரத்து ஐநூறுக்குச் சற்று மேல். கடுமையான குறைபாட்டை நிரப்ப, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு அது சரி. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு நாளொன்றுக்கு 4,000 யூனிட்டை மேல் எல்லையாக வைத்திருக்கிறார்கள். தினம் ஒரு பொட்டலம் அதைப்போல் பதினைந்து மடங்கு. வைட்டமின் சி போல மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, இது கொழுப்பில் தங்கும். நான் வாங்கி வந்தவுடன் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் மார்க்கர் பேனாவால் கொடுக்க வேண்டிய தேதியை எழுதிவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறேன்.

ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஊசியில் 6 இலட்சம் யூனிட் போட்டுவிடலாம், வாரா வாரம் தொல்லை இல்லை என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். நெஞ்சு மருத்துவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றுவிட்டார். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய 2,256 பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், வருடத்துக்கு ஒருமுறை 5 இலட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத்தான் விழுவதும் முறிவதும் கூடியது. 2010இல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பிறகும் மொத்தமாகக் கொட்டுகிற பழக்கம் இங்கே நிற்கவில்லை என்பது வேதனை.

சரி, பலன் என்ன? எட்டு வாரம் வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். சித்திரையில் மறுபடி பார்த்தபோது 34. மருந்து சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. மூச்சு ஊதும் பரிசோதனையில் ஒரு நொடியில் வெளியே வரும் காற்றின் அளவு முன்பு இருந்த அதே இடம்தான். ஒரு கோடு கூட ஏறவில்லை. மருத்துவர் இதை முன்னாலேயே சொல்லியிருந்தார், ஆய்வுகளிலும் அப்படித்தான். அடைபட்ட மூச்சுக்குழாயை வைட்டமின் டி திறக்காது, அதற்கு இன்ஹேலர்தான்.

மாறியது தொடை. முன்பெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி, ஒருமுறை ஆடி, அப்புறம்தான் எழுவார். இப்போது ஊன்றாமல் எழுகிறார். இடுப்பைச் சுற்றி எந்நேரமும் இருந்த மந்தமான வலி குறைந்திருக்கிறது. கழிவறைக்குப் போய்வர என் தோள் தேவைப்படுவதில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். சிஓபிடி வந்தவர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், கால் ஓய்ந்தால் நடை நிற்கும், நடை நின்றால் மிச்ச மூச்சும் சுருங்கும். அதோடு ஸ்டீராய்டு எலும்பைப் பொடியாக்குகிறது. முற்றிய நோயாளிகளுக்கு இருமும்போதே விலா எலும்பு விரிசல் விடுவதுண்டு. முதுகெலும்பு அமுங்கிக் கூன் விழுந்தால் நுரையீரல் விரியும் இடமே குறைந்துபோகும். எலும்பைக் காப்பதும் மூச்சைக் காப்பதுதான்.

நோய் அடிக்கடி முற்றுவது குறையுமா என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. இதற்கு ஒரே வரியில் ஆம் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். லூவன் ஆய்வாளர்களே 2012இல் 182 நோயாளிகளுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 1 இலட்சம் யூனிட் வீதம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. தொடக்கத்தில் பத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் நோய் முற்றுவது குறைந்தது. 2019இல் மூன்று ஆய்வுகளின் 469 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் அதே கதை: பத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 2022இல் நெதர்லாந்தில், பெரும்பாலும் அவ்வளவு கடுமையாகக் குறையாதவர்களைச் சேர்த்து நடத்திய ஆய்வில் பலன் தெரியவில்லை. பசித்தவனுக்குத்தான் சோறு. அதனால்தான் பரிசோதனை, பரிசோதனை என்று அடித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்த வருடம் ஆடிக் காற்றை, அந்தத் தூசியை, மருத்துவமனைக்குப் போகாமல் தாண்டினோம். அதற்கு முந்தைய வருடம் அப்படி இல்லை. ஆனால் இதே காலத்தில் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி இரண்டும் போட்டார்கள், இன்ஹேலரை இழுக்கும் முறையைச் செவிலியர் ஒருவர் உட்கார வைத்துத் திருத்தினார். புகழ் முழுவதையும் பொட்டலத்துக்குக் கொடுத்தால் அது நேர்மையாகாது.

யார் கேட்காமல் தொடக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். நுரையீரல் நோய் எல்லாம் ஒன்று அல்ல. சார்காய்டோசிஸ் என்று ஒன்று உண்டு. அந்த நோயில் நுரையீரல் கட்டிகளே வைட்டமின் டியை வீரிய வடிவத்துக்கு மாற்றிவிடும். மேலே இன்னும் கொடுத்தால் கால்சியம் எகிறும். காசநோய் நடப்பில் இருப்பவர்களுக்கும் சிலசமயம் இப்படி ஆவதுண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை எடுப்பவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மருத்துவர் வைட்டமின் பரிசோதனையோடு கால்சியத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்துத்தான் பார்த்தார்.

செலவைப் பற்றி. பொட்டலம் மலிவு, பரிசோதனைதான் கடி. தனியார் ஆய்வகத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, அதற்காகச் சர்க்கரை நோயாளியைப் பட்டினி போட வேண்டாம். அறிக்கையில் எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் நானோகிராம், வெளிநாட்டு ஆய்வுகளிலும் சில அறிக்கைகளிலும் நானோமோல். நானோகிராமை இரண்டரையால் பெருக்கினால் நானோமோல். இவருடைய 8 அங்கே 20 ஆகிவிடும். அதைப் பார்த்து "பரவாயில்லை, இருபது இருக்கிறது" என்று சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மருந்தை முதலில் மருத்துவமனை வாசல் கடையில் வாங்கினேன். பிறகு பிரதமர் மக்கள் மருந்தகத்தில் அதே கோலிகால்சிஃபெரால் 60,000 பாதிக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. சித்திரையில் 34 காட்டியது பெரும்பாலும் அந்தப் பொட்டலங்களால்தான், ஆகவே மலிவு மருந்து வேலை செய்யுமா என்ற சந்தேகம் எனக்கில்லை. எப்போதும் இருப்பு இருக்காது, கைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வைத்தால் போதும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இனிப்பு வாசனை அடிக்கிறது.

மதிப்பெண் கேட்டால் மருந்துக்கு ஐந்துக்கு நாலரை, உறைக்கு ஒன்று. அந்த ஒன்றும் கோலிகால்சிஃபெரால் என்ற பெயரை ஒளிக்காமல் போட்டிருப்பதற்காக. தயாரிப்பாளருக்கு, உறையில் அச்சிட்டிருக்கிற முகவரிக்கே, விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். முன்பக்கத்தில், மருந்தின் பெயர் அளவு எழுத்தில், தமிழில் ஒரு வரி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்: "தினமும் சாப்பிடும் மருந்து அல்ல." தமிழ்நாட்டுக்கு அனுப்பும் சரக்கில் மட்டுமாவது அச்சிடலாம். அதுவரை மருந்துக் கடைக்காரர்கள் ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்துக் குத்திக் கொடுக்கலாம், மை காய ஒரு நொடி ஆகாது. பதில் வந்தால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.